மாடு நல்லா கீதா?

சென்ட்ரலை ஒட்டிய புறநகர் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு இரண்டாம் வகுப்புச் சீட்டு பதினைந்து ரூபாய். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டருக்கு இது கொள்ளை மலிவு என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு காலை ஆறரை வண்டியில் ஏறினேன். எண்ணூர் தாண்டுவதற்குள் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. ஜன்னல் வழியாக வந்த காற்றில் என்னென்ன கலந்திருந்தது என்று என் படிப்பை வைத்துக்கூடச் சொல்ல முடியவில்லை. அத்திப்பட்டில் புகைபோக்கிகள், மீஞ்சூரில் கூட்டம், பொன்னேரியில் கொஞ்சம் பச்சை வயல், கவரைப்பேட்டை தாண்டியதும் மறுபடி தகரக் கொட்டகைகள். பெட்டியில் பாதிப் பேர் ஒடியாவிலோ இந்தியிலோ பேசிக்கொண்டிருந்தார்கள். சிலர் நின்றபடியே தூங்கினார்கள்.

நான் எதற்குப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வைரஸ்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் நான். ஊர் சங்கரன்கோவில், வேலை சென்னையில். ஆராய்ச்சி என்றால், குளிரூட்டிய அறையில் விரல்நுனி அளவுக் குழாய்களை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் மாற்றுவது. அந்தக் குழாய்க்குள் இருப்பது எந்த மாட்டிலிருந்து வந்தது, எந்த மனிதனிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. ஓர் எண் எழுதியிருக்கும், அவ்வளவுதான். இந்த லட்சணத்தில் ஆராய்ச்சியாளர்கள் வளரக்கூடாது என்று யாருக்கோ தோன்றி, விலங்குக்கும் மனிதனுக்கும் பொதுவான நோய்களைப் பற்றி எங்களைப் போன்ற இளையவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். கால்நடை மருத்துவர், மனித மருத்துவர், ஆய்வகத்துக்காரர் என்று மூன்று வகையினரையும் கலந்து உட்கார வைத்தார்கள். வகுப்பறைப் பாடம் முடிந்து இது களப்பயிற்சி. எல்லோருக்கும் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுத்தான் அனுப்பினார்கள். அப்போது அதையும் ஒரு சடங்கு என்றுதான் நினைத்தேன்.

என்னோடு வந்தவர் அன்வர், கால்நடை மருத்துவர், வாணியம்பாடிக்காரர். “இன்னிக்கு ஆட்டுக்கு ரத்தம் எடுக்கணும். ஆடு உதைக்கும், முட்டும். உங்க குழாய் மாதிரி சும்மா நிக்காது” என்று வழியெல்லாம் என்னைக் கேலி செய்துகொண்டு வந்தார். 

கும்மிடிப்பூண்டி நிலையத்துக்கு வெளியே பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்தோம். பயிற்சி தருகிற டாக்டர் சுமதி ஜீப்போடு காத்திருந்தார். மனிதர்களுக்கான மருத்துவர்; ஆனால் பேசுவதெல்லாம் மாட்டைப் பற்றியும் நாயைப் பற்றியும்தான். டீ முடிவதற்குள் அவருக்கு ஒரு போன் வந்தது. உள்ளூர்க் கால்நடை டாக்டர் பேசினார். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கிராமத்தில் விடியற்காலையில் ஒரு சினைமாடு செத்துவிட்டது. மூன்று நாளாக வாயில் நுரை, விழுங்க முடியவில்லை, குரல் கம்மிப்போய்க் கத்தியது, பின்னங்கால் இழுத்துக்கொண்டது.

டாக்டர் சுமதி போனை வைத்துவிட்டு, “ஆடு அப்புறம். ஏறுங்க” என்றார். அன்வர் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு ஏறினார்.

அந்தக் கிராமம் நிலையத்திலிருந்து ஏழு கிலோமீட்டர். பெயரை எழுதப்போவதில்லை, எழுதினால் நாளைக்கு அந்த ஊர்ப் பாலை யாரும் வாங்கமாட்டார்கள். ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் இரும்பு உருக்கும் கம்பெனிகளின் சுவர். சுவரோரம் முழுக்கக் குப்பை. குப்பைக்கு நடுவே மாடுகள். பிரியாணிக் கவரை ஒரு மாடு அப்படியே மென்றுகொண்டிருந்ததை ஜீப்பிலிருந்தே பார்த்தேன். ஓட்டுநர் பாபு அண்ணன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே சொன்னார்: “இங்க மாடுங்க புல்லு துன்றதவிட கவரு துன்றதுதான் ஜாஸ்தி மேடம்.”

வீட்டுக்காரி கோவிந்தம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அழுது ஓய்ந்திருந்தார். கணவர் ஏழுமலைக்குக் கம்பெனியில் ஒப்பந்தக் கூலி வேலை. இரவு வேலை முடித்துவிட்டுச் சட்டையைக்கூட மாற்றாமல் நின்றார். செத்த மாடு கொட்டகையில் கிடந்தது. நெற்றியில் மஞ்சள் பூசப் போன கோவிந்தம்மாவின் கையை டாக்டர் சுமதி எட்டிப் பிடித்தார்.

“மூஞ்சில தொடாதீங்கம்மா.”

“இன்னாம்மா இது, என் மாட்ட நான் தொடக்கூடாதா? ஒரு பொட்டு வெச்சி அனுப்பக்கூடாதா?”

“நாங்க கையுறை போட்டிருக்கோம். நாங்க வெச்சு விடுறோம்.”

அன்வர்தான் வைத்தார். முழு உடல் அங்கி, இரட்டைக் கையுறை, முகத்தை மூடும் கண்ணாடி போட்ட ஆள் குந்தி உட்கார்ந்து ஒரு செத்த மாட்டுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்ததை நான் எந்த வகுப்பிலும் படித்ததில்லை. கோவிந்தம்மாவின் அடுத்த வேண்டுகோள், தலையை வெட்டக்கூடாது என்பது. வெட்டமாட்டோம், பிடரியில் ஒரு கீறல் போட்டு, மண்டையோட்டின் துவாரம் வழியாகக் குழாயைச் செலுத்தி மூளையில் துளி எடுப்போம் என்று அன்வர் விளக்கினார். சொல்லும்போது சுலபமாக இருந்தது. அங்கிக்குள் வியர்வை கண்ணில் இறங்க, வெள்ளைக் குழாயில் வெண்ணெய் போல ஏறி வந்ததை நான் வாங்கிப் புட்டியில் போட்டேன். இத்தனை வருடமாக நான் எண்ணால் மட்டும் அறிந்திருந்த பொருள் அது.

துளி மூளையைக் கரைசலில் கலக்கி, விரல் நீளப் பரிசோதனை அட்டையில் விட்டேன். கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்த அதே மாதிரி அட்டை. ஒரு கோடு வந்தால் நோய் இல்லை, இரண்டு வந்தால் உண்டு. ஆய்வகத்தில் இரண்டாவது கோடு தெரிந்தால் எனக்கு உற்சாகமாக இருக்கும்; சோதனை வேலை செய்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அந்தக் கோடு மெதுவாகச் சிவந்தபோது, அது வராமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வந்துவிட்டது. வெறிநோய். நாய்க் கடியில் வருகிற அதே நோய், மாட்டில். சென்னைக்குப் போய் நுண்ணோக்கியில் உறுதி செய்யவேண்டும். ஆனால் மனிதர்களுக்கு ஊசி போட அதுவரை காத்திருக்கக்கூடாது. இந்த நோயின் அறிகுறி மனிதனிடம் தெரிந்துவிட்டால் பிறகு வைத்தியம் இல்லை. தெரிவதற்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டால் பிழைத்துவிடலாம்.

டாக்டர் சுமதி கையைக் கழுவிவிட்டு வந்து, அந்தப் பயிற்சியின் முக்கியமான கேள்வியைக் கேட்டார்.

“வாய்க்குள்ள யார் யார் கை விட்டீங்க?”

ஏழுமலை யோசிக்கவே இல்லை. “நான் உட்டேன். மனோஜ் உட்டான். பின்ன, உடாம? வாயில நொரை தள்ளிக்கினு முழுங்க முடியாம நின்னா கவரு மாட்டிக்கினு கீதுன்னுதான அர்த்தம்?”

அந்த ஊரில் அதுதான் அர்த்தம். நான் பிறந்த பக்கத்தில் மாடு நுரை தள்ளினால் பாம்பு தீண்டியது என்பார்கள். கம்பெனிச் சுவரோரம் மேய்கிற மாடு நுரை தள்ளினால், தொண்டையில் பாலித்தீன். கையை விட்டு எடுத்துவிட்டால் சரியாகிவிடும். பல மாடுகள் சரியாகியும் இருக்கின்றன. அதற்கென்றே தெருவில் ஓர் ஆள் இருந்தான். அவன்தான் மனோஜ். ஒடிசாக்காரன், முப்பது வயது, ஏழுமலையோடு அதே கம்பெனியில் வேலை, கொட்டகைக்குப் பின்னால் தகர அறையில் நான்கு வருடமாக வாடகை. மெலிந்து நீண்ட கை அவனுக்கு. யார் வீட்டு மாடு கவரை விழுங்கினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

ஏழுமலை தன் போனில் வீடியோ காட்டினார். முழங்கைக்கு மேல் வரை மாட்டின் வாய்க்குள் கையை விட்டு ஒரு மெலிந்த ஆள் சிரித்துக்கொண்டே துழாவுகிறான். சுற்றிலும் ஆட்கள் கத்தி உற்சாகப்படுத்துகிறார்கள். கடைசியில் அவன் எச்சில் ஒழுக ஒரு நீலக் கவரை உருவி எடுத்து உயர்த்திப் பிடிக்கிறான். கைதட்டல். உண்மையிலேயே கவர் இருந்திருக்கிறது. அதனால் மூன்று நாளும் யாரும் டாக்டரைக் கூப்பிடவில்லை. வீடியோவை நிறுத்தி அவன் கையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரும்பு தெறித்த தழும்புகளும், ஆறாத புதுக் காயங்களும்.

“இவர் எங்க?” என்றேன்.

“நேத்து சாயங்காலமே வண்டி ஏறிட்டான். அவங்க அம்மாவுக்கு சீரியஸ்னு போன் வந்துச்சு.”

போன் போட்டோம். அணைத்து வைத்திருந்தான்.

ஏழுமலையை ஆஸ்பத்திரிக்கு வரவைப்பது அடுத்த பாடு. “இன்னா மேடம் பேஜாரு, மாடு என்னைக் கடிக்கவே இல்லியே! மாட்டுக்குப் போயி யாராவது ஊசி போட்டுக்குவாங்களா? சாயங்காலம் எனக்கு ஷிப்ட்டு கீது” என்று ஒரே பிடிவாதம். அன்வர் அவரைக் குழாயடிக்கு இழுத்துப் போய் அவர் கையில் சோப்பு போட்டுத் தேய்த்தார். தேய்த்த இடத்தில் எரிச்சல் தாங்காமல் ஏழுமலை கையை உதறினார். “எரியுதா? அப்ப தோல் கிழிஞ்சிருக்கு. மாட்டு எச்சில் அது வழியாத்தான் போகும். நாய் கடிச்சாத்தான்னு இல்ல” என்றார் அன்வர். போன மாதம் கம்பெனி கேட்டில் ஒரு தெருநாய் மாட்டின் மூக்கைக் கடித்தது அப்போதுதான் ஏழுமலைக்கு ஞாபகம் வந்தது. நேரே போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார், பின்னாலேயே கோவிந்தம்மாவும். மாட்டை ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கிற வேலையை உள்ளூர்க் கால்நடை டாக்டர் ஏற்றுக்கொண்டார்.

முதல் ஊசியை எந்த ஆஸ்பத்திரியில் வேண்டுமானாலும் போடலாம். காயத்தைச் சுற்றிப் போடுகிற எதிர்ப்புச் சீரம் எல்லா இடத்திலும் கிடைக்காது; அதற்கு டாக்டர் சுமதி திருவள்ளூரில் தனக்குத் தெரிந்த மருத்துவரிடம் சொல்லி வைத்திருந்தார். அதனால் கவரைப்பேட்டை, பெரியபாளையம் வழியாக ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். நல்ல வெயில். கனரக லாரிகளின் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போனோம். வழியில் ஏழுமலை தூங்கிவிட்டார். கோவிந்தம்மா வெளியே பார்த்தபடி வந்தார். டாக்டர் சுமதி மனோஜின் எண்ணை என்னிடம் கொடுத்து, “உனக்கு இன்னிக்கு இதுதான் வேலை. விடாம அடிச்சுக்கிட்டே இரு” என்றார். ஊர் முகவரி யாருக்கும் தெரியவில்லை. கம்பெனியில் ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரரைக் கேட்டால், “நூத்துக்கணக்குல பசங்க கீறாங்க மேடம், எவன் எந்த ஊருன்னு நான் கண்டனா” என்று வைத்துவிட்டார். அவருக்கு அவன் ஒரு எண். கோபமாக வந்தது. எனக்கும் என் குழாய்களெல்லாம் எண்தான் என்பது ஞாபகம் வந்ததும் கோபத்தை விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஏழுமலைக்குக் காயங்களைச் சுற்றிச் சீரம் ஏற்றினார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மாட்டின் எச்சிலைத் துடைத்துவிட்ட கோவிந்தம்மாவுக்கும் ஊசி. அவர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது நான் விடாமல் அடித்துக்கொண்டிருந்த மனோஜின் எண் முதல் தடவையாக மணியடித்தது; அவன் எடுத்தான். என் குரல் அவனுக்குப் புதிது. வைத்துவிடப் போகிறான் என்று பயந்து, ஒலிபெருக்கியைப் போட்டுப் போனைக் கோவிந்தம்மாவின் கையில் திணித்தேன். “மாடு செத்துடுச்சுன்னு சொல்லுங்க. ஊசி போடச் சொல்லுங்க.”

ரயில் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் கேட்டது. கும்மிடிப்பூண்டியில் கற்ற தமிழ். “அம்மா! மாடு நல்லா கீதா? துன்னுதா?”

கோவிந்தம்மா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“நல்லா கீதுப்பா. துன்னுது. நீ போறச்ச எங்கியாவது ஒரு ஊசி போட்டுக்கினு போ.”

“மாடு நல்லா கீதுன்னா எனக்கு இன்னாத்துக்கு ஊசி?” சிரித்தான். இணைப்பு அறுந்தது. திரும்ப அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “என்னம்மா இது? அவர் உயிர் போயிடும்மா! உண்மையச் சொல்றதுக்கு என்ன?”

கோவிந்தம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவங்க அம்மா நேத்தே செத்துப் பூட்டாங்க பாப்பா. கூட வேலை செய்ற ஒடிசாக்காரன் காலீல வந்து சொன்னான். வண்டில போற புள்ள, தனியா போறான், சொல்லாதீங்கன்னு அவங்க ஊட்ல சொல்லிக்கீறாங்க. சீரியஸ்னு மட்டும்தான் அவனுக்குத் தெரியும். அந்த மாட்டுக்கு தெனம் தண்ணி காட்டினவன் அவன். இதையும் நான் எந்த வாயால சொல்லுவேன்?”

அதற்கு மேல் நான் அவரைத் திட்டவில்லை. என் அப்பா இறந்தபோது எனக்கும் “கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வா” என்றுதான் சொன்னார்கள். கோயம்பேட்டிலிருந்து சங்கரன்கோவில் வரை இரவு முழுக்க, அப்பாவை மதுரைக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். தெருமுனையில் பந்தலைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பயணத்தில் இருப்பவரிடம் சாவைச் சொல்லக்கூடாது. எங்கள் பக்கமும் இந்தப் பக்கமும் ஒடிசாவிலும் ஒரே வழக்கம்தான் போலிருக்கிறது. அன்றைக்கு என்னிடம் பொய் சொன்ன என் அத்தையை இன்றுவரை நான் குறை நினைத்ததில்லை.

டாக்டர் சுமதி, சென்னைக்குப் போகவேண்டிய மூளைத் துளிப் பெட்டியோடும் அந்தத் தம்பதியோடும் ஜீப்பில் கிளம்பினார். அன்வரும் நானும் திருவள்ளூரில் சென்னை வண்டி ஏறினோம். மாலை நேரம், சென்னைக்குப் போகிற பக்கம் கூட்டம் குறைவு. அன்வர் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். செவ்வாப்பேட்டை தாண்டும்போது என் போன் அடித்தது. மனோஜ். என் எண்ணிலிருந்து அத்தனை அழைப்புகளைப் பார்த்துவிட்டு அவனே கூப்பிட்டிருந்தான்.

“யார் பேசறது? கோவிந்தம்மாக்கு இன்னா ஆச்சு?”

“கோவிந்தம்மா நல்லா இருக்காங்க. நான் அவங்க கூட இருந்த டாக்டர் ஆளு.” ஒரு மூச்சு வாங்கிக்கொண்டேன். “மனோஜ், மாடு செத்துப்போச்சு. இன்னிக்குக் காலையில.”

ரயில் ஓசை மட்டும். அவன் ரயிலா என் ரயிலா தெரியவில்லை. வெறிநோய் என்றேன், நாய்க் கடி நோய் என்றேன். கை விட்டதால் உனக்கும் வரலாம், வந்தால் பிழைக்க முடியாது, இறங்கியதும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போ, மாட்டு எச்சில் காயத்தில் பட்டது என்று சொல், ஏழுமலை ஊசி போட்டுக்கொண்டுவிட்டார் என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கொடூரமாக யாரிடமும் பேசியதில்லை. “செரி” என்றான். “போட்டுக்கறேன்” என்றான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

போனை வைக்கவில்லை அவன்.

“மாடு நல்லா கீதுன்னு கோவிந்தம்மா சொன்னாங்களே.”

“நீங்க வழியில இருக்கீங்கன்னு… மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல.”

பிறகு, வேறு குரலில், மெல்ல, “மேடம், எங்க அம்மா?”

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு விளங்கியது. ஒரு பொய்யை உடைத்தால் பக்கத்தில் இருக்கிற பொய்யும் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. எப்படிப் பரிசோதிப்பது, எப்படிக் கேட்பது என்றெல்லாம் வகுப்பில் சொல்லித்தந்தார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

“எனக்குத் தெரியாதுப்பா” என்றேன்.

அவன் போனை வைத்துவிட்டான். எதிர் இருக்கையில் அன்வர் கண் விழித்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நுண்ணோக்கியில் அந்த மாட்டு மூளை பச்சையாக ஒளிர்ந்தது. நோய் உறுதி. புட்டியில் வழக்கம்போல் எண் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன், கீழே பென்சிலால் ‘கோவிந்தம்மா மாடு’ என்றும் எழுதினேன். மனோஜின் போன் அன்று முழுக்க அணைந்தே கிடந்தது, அதற்கடுத்த நாட்களிலும். ஊசி போட்டானா இல்லையா என்று தெரியாமல் நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்த மெலிந்த கைதான் கண்முன் வந்தது.

பிறகு ஒரு மத்தியானம் அவன் எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. எழுத்து எதுவும் இல்லை. ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வராந்தா. சட்டைக் கையை மேலே சுருட்டி, புஜத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி மனோஜ் நேராகப் பார்க்கிறான். வீடியோவில் பார்த்த சிரிப்பு இல்லை. தலையை மழுங்க மொட்டை அடித்திருந்தான்.